அம்பது வெறுந்தாள்

கொழிஞ்சாம்பாறை
20.1.2025

அன்புள்ள நங்கையாவுக்கு, பிரதீபா எழுதறதுங்க.

நானும் வயித்துல இருக்கறதும் சௌக்கியமுங்க. உங்க முட்டிவலி எப்படி இருக்குது? மலையில பனி கொட்டற மாசம். கடை தொறக்கப் போறப்பக் காதைக் கட்டிக்கிட்டுப் போங்க.

ஏழாம் மாசச் சீர் முடிஞ்சு எங்கம்மா செல்லாத்தாள் என்னைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. உங்க தம்பி மீனாட்சிபுரத்து ஊட்டுல தனியாப் பொங்கித் தின்னுக்கிட்டுப் பால்வண்டி ஓட்டறாரு. சோறு குழைஞ்சு போச்சுன்னு தினமும் எனக்குப் புகார்.

லேப்புல லீவு வாங்கறதுக்குள்ள பாடாப் போச்சுங்க. பஞ்சாயத்துக்குன்னு தனியா லேப் கிடையாதில்லீங்களா, கடைகள்ல பிடிக்கற பையி, டம்ளரு எல்லாம் டெஸ்ட் பண்ண எங்களை மாதிரிப் பிரைவேட்டுக்குத்தான் வருது. பையி செய்யற கம்பெனிக்காரங்களும் மக்கும் பையின்னு சர்டிபிகேட் வாங்க எங்ககிட்டத்தான் வராங்க. ரெண்டுக்கும் கையெழுத்து நான் ஒருத்திதான். “நீ போயிட்டா ரிப்போர்ட்டெல்லாம் நின்னு போகுமேம்மா”ன்னு மேனேஜர் பூபதிராஜா ஒரே புலம்பல். கிளம்பற அன்னைக்கு லேப் பேரு அச்சடிச்ச தாள் அம்பதை முன்னால வச்சு எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கிட்டாரு. மேல ஒண்ணும் எழுதாத வெறுந்தாளுங்க. போடப் போட உள்ள இருந்து ஒரே உதை. இதுக்கும் ஆபீஸ் வேலை பிடிக்கல போலன்னு நானே சிரிச்சுக்கிட்டேன்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்க.

உங்க அன்பு,
பிரதீபா

*

சாந்தன்பாறை
9.2.2025

என் தம்பி பொண்டாட்டி பிரதீபாவுக்கு மதினி எழுதுறது. முட்டி வலிக்கத்தான் செய்யுது, அது கிடக்கட்டும். நீ ரெட்டை உசுரா இருக்கிறவ, உன் உடம்பைப் பாரு.

நீ நங்கையான்னு எழுதுறதைப் படிக்கையில எல்லாம் எனக்குச் சிரிப்பாணி பொங்குது. எங்க பக்கம் மதினின்னுதான் சொல்லுவோம். பரவாயில்ல, உன் வாய்க்கு எது வருதோ அப்படிக் கூப்பிடு. போன் பண்ணாம எழுதச் சொன்னதுக்குக் கோவிச்சுக்காத. கடையில இருந்து மேட்டு வளைவு வரைக்கும் ஏறுனாத்தான் ரேஞ்சு கிடைக்கும். அங்கன நின்னு பேசுனா நம்ம குடும்பக்கதை முழுசையும் ஜீப்புக்காரனுங்க கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பானுங்க.

இங்க கீழ ரோட்டு வளைவுல நாங்க பதினோரு கடை. டூரிஸ்ட்டு வண்டி நிக்கிறதால பொழப்பு ஓடுது. பஜ்ஜியைப் பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தாக் கடையைப் பூட்டிருவோம்னு பஞ்சாயத்து ஸ்குவாட்டுக்காரங்க வந்து மிரட்டிட்டுப் போயிருக்காங்க. காகிதத்துல கட்டினா எண்ணெய் ஊறிக் கிழியுது. சோளமாவுப் பைன்னு ஒண்ணு மக்கிப் போகுமாமே? பக்கத்துக் கடை ஜிஷா கேட்டுச்சு. உங்க லேப்புல பாக்குறது அதுதானா?

வெறுந்தாள்ல கையெழுத்தெல்லாம் போடாத பிள்ள. எங்கப்பா எஸ்டேட்டுல அப்படி ஒரு தாள்ல ரேகை வச்சிட்டு லயத்து வீட்டை விட்டு வெளியேறுனாரு. சரி, போட்டது போட்டாச்சு, இனிமே போடாத.

சுகமாப் பெத்துப் பிழைக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிடுதேன்.

அன்பு மதினி,
செல்வலட்சுமி

*

கொழிஞ்சாம்பாறை
16.3.2025

நங்கையா,

பொண்ணு பொறந்துருக்குதுங்க! மார்ச் நாலு, செவ்வாக்கிழமை, காலைல ஒம்பதே காலுக்கு. கொடி சுத்திக்கிச்சுன்னு ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. மூணு நாள் எனக்குத் தல தூக்க முடியல. இப்பத் தேவலைங்க. உங்க தம்பி வேனை ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திட்டு உள்ள ஓடி வந்துட்டாரு, பால் திரிஞ்சு போச்சு.

பேரு செல்வப்பிரியான்னு வச்சிருக்கோமுங்க. உங்க பேருல பாதி. கோவம் வந்தா மூக்கு வெடைக்கறதும் அப்படியே உங்களை மாதிரி. நீங்க வந்து பாக்கோணும்.

படுத்துக்கிட்டே எழுதறேன், கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க.

பிரதீபா

*

சாந்தன்பாறை
27.4.2025

என் பேர்க்காரியைப் பெத்த மகராசிக்கு,

தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும். தலைக்குத் தண்ணி ஊத்திட்டுக் காத்துல உக்காராத. சீசன் முடியாமக் கடையைப் போட்டுட்டு வர முடியல, அது எனக்குப் பெரிய வெசனமா இருக்கு. பாப்பாவைப் பாக்கணும்னு கண்ணு தேடுது.

ஒரு நல்ல சேதி. ஷைஜுன்னு ஒரு சேல்ஸ்மேன் சோளமாவுப் பை கொண்டாந்தான். எவன் நம்புவான்? எல்லாரும் போடான்னுட்டோம். அவன் சர்டிபிகேட்டுன்னு ஒரு தாளை நீட்டினான். இங்கிலீஷு எனக்கு என்னத்தத் தெரியும், ஆனா அடியில இருந்த கையெழுத்து தெரிஞ்சுச்சு. ‘பி’க்கு மேல ஒரு சுழி சுழிச்சு அடியில ரெண்டு கோடு இழுப்பியே, அதேதான். ஆத்தாடி, எனக்கு வந்த பெருமையைக் கேக்கவா வேணும்! “இது எங்க தம்பி பொண்டாட்டி போட்ட கையெழுத்து, அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்”னு பதினோரு கடைக்கும் நானே போய்ச் சொன்னேன். ஜிஷா மட்டும் யோசிச்சா. அவளுக்கு உன் கடுதாசியைக் காட்டி ரெண்டு கையெழுத்தையும் பக்கத்துல வச்சுக் காட்டினேன். அப்புறம் அவளும் வாங்கிட்டா.

சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில முருகன் படத்துக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கேன். வர்றவன் போறவன் எல்லாம் பாக்கான்.

பாப்பாவுக்கு வசம்பு வளையம் போட்டியா?

அன்பு மதினி,
செல்வலட்சுமி

*

மீனாட்சிபுரம்
8.6.2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

சௌக்கியமுங்களா? பதில் போடறதுக்கு ஒன்றரை மாசம் ஆகிப்போச்சு. பாப்பாளுக்குச் சளி, அப்புறமேட்டுக்கு எனக்கு. மீனாட்சிபுரத்துக்கே திரும்பி வந்துட்டோமுங்க. போன திங்கக்கிழமை இருந்து வேலைக்குப் போறேன். எங்கம்மா வந்து பாப்பாளைப் பாத்துக்கறாங்க. குப்புற விழறா, விழுந்துட்டுத் திரும்பத் தெரியாம அழுவறா.

நங்கையா, அந்தச் சர்டிபிகேட் கடையில வேண்டாமுங்க. எண்ணெய்ப் புகை பட்டுக் கெட்டுப் போயிரும். கழட்டி உள்ள வச்சிருங்க. பையி இருக்கற வரைக்கும் இருக்கட்டும். இனி வாங்கறதுன்னா துணிப்பையி, இல்லாட்டி காகிதக் கவரு வாங்கிக்கங்க. அதுதான் எப்பவும் நல்லது.

இங்க மழை பிடிச்சுக்கிச்சு. அங்க கேக்கவே வேண்டாம். குடையில்லாம இறங்காதீங்க.

பிரதீபா

*

சாந்தன்பாறை
3.8.2025

பிரதீபாவுக்கு மதினி எழுதுறது. பாப்பா சுகந்தானே? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் கெட்டுக் கிடக்கு.

செவ்வாக்கிழமை ஸ்குவாட்டு வந்துச்சு. நாங்க பயப்படவே இல்ல. நான்தான் முன்னால போய், வாங்க சார், இங்க எல்லாம் சோளமாவுப் பைதான்னு சர்டிபிகேட்டைக் காட்டினேன். நீ கழட்டச் சொன்ன, நான் கழட்டல. அந்தச் சாரு பையைத் துண்டா நறுக்கி ஒரு சீசாவுல கொண்டாந்த மருந்துத் தண்ணியில போட்டாரு. மக்கும் பைன்னாக் கரையணுமாம். கால் மணி நேரம் நின்னு பாத்தோம், கரையவே இல்ல. ஒவ்வொரு கடையிலயும் பை எடுத்து, கவர்ல போட்டு அரக்கு வச்சு, லேப்புக்கு அனுப்புறோம்னு கொண்டு போயிட்டாங்க. ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் பதினோரு கடைக்கும் பூட்டு. அது பிளாஸ்டிக்குன்னு வந்துட்டாக் கடைக்குப் பத்தாயிரம் பிழை, அதான் அபராதம், கட்டணும், லைசென்ஸும் போயிரும்.

ஜிஷா என் மூஞ்சியையே பாத்தா. அவ புருஷன் படுத்த படுக்கையா இருக்கான்னு உனக்குச் சொல்லியிருக்கேனா?

எந்த லேப்புன்னு கேட்டதுக்குக் கொழிஞ்சாம்பாறைன்னாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நம்ம பிள்ள கையிலதான வருது, நல்லாப் பாத்துச் சொல்லிருவான்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். அந்தச் சீசாத் தண்ணிதான் கெட்டுப் போயிருக்கும். நீ நல்ல தண்ணியில போட்டுப் பாரு.

அன்பு மதினி,
செல்வலட்சுமி

*

சாந்தன்பாறை
14.9.2025

பிரதீபா,

நான் எழுதி ஒண்ணரை மாசமாச்சு, உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. நல்லா இருக்கன்னு தம்பி போன்ல சொன்னான். அவன்கிட்ட நான் இதைப் பத்தி மூச்சு விடல. அவன் முன்கோபக்காரன், நீ கைப்பிள்ளைக்காரி.

ரிப்போர்ட்டு வந்துருச்சு. பதினொண்ணும் பிளாஸ்டிக்குன்னு வந்துருக்கு. அடியில உன் கையெழுத்து. பக்கத்துல ஷைஜு குடுத்த சர்டிபிகேட்டை வச்சேன். அதுலயும் உன் கையெழுத்து. ஒரே பையை ஒரு தாள்ல நல்லதுங்க, இன்னொரு தாள்ல பிளாஸ்டிக்குங்க. ஷைஜு போனை எடுக்கவே மாட்டேங்கான்.

ரெண்டையும் வச்சுக்கிட்டு நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு இங்கிலீஷு எழுத்துதான் வராது, நம்பர் வரும். நல்ல பைன்னு சொன்ன தாள்ல சோதனை பண்ணின தேதி 4.3.2025ன்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டதும் அன்னைக்குத்தான்.

மார்ச் நாலு செவ்வாக்கிழமை காலைல ஒம்பதே காலுக்கு நீ எங்க இருந்த பிள்ள? உலகத்துல யாருக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரியும். நீ எழுதின கடுதாசி என் டிரங்குப் பெட்டியில இருக்கு. அந்த அம்பதுல ஒண்ணா இது?

தம்பிக்கு இது தெரியுமா?

பதில் போடு.

மதினி

*

மீனாட்சிபுரம்
5.10.2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

நீங்க சௌக்கியமான்னு கேக்கவே கை கூசுதுங்க. பாப்பா தவழறா. எதைப் பாத்தாலும் எடுத்து வாயில போட்டுக்கறா. நீங்க அனுப்பின ஏலக்காயை எங்கம்மா பால்ல தட்டிப் போட்டுக் குடுத்தாங்க.

நங்கையா, உங்க கால்ல விழுந்து கேக்கறேன். தேதி விஷயத்தை யாருகிட்டயும் சொல்லிராதீங்க. வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டதுக்கு என்னைத்தான் பிடிப்பாங்க. மேனேஜரு நாக்கூசாம எனக்கு ஒண்ணுமே தெரியாதும்பாரு. என்னைப் பிடிச்சு உள்ள வச்சா இவளுக்குப் பால் குடுக்க ஆருங்க இருக்கறா?

ஜனவரியில உங்களுக்கு ஒரு கடுதாசி போட்டேனே, அதை வச்சிருக்கீங்களா? இருந்தா அடுப்புல போட்டுருங்க நங்கையா. நான் வேற ஒண்ணும் கேக்கல.

பஞ்சாயத்துல இருந்து அந்தச் சர்டிபிகேட்டைப் பத்தி லேப்புக்குக் கேட்டு எழுதியிருக்காங்க. பதில் போயிருச்சு. என்ன வருதுன்னு பாப்போமுங்க.

உடம்பைப் பாத்துக்கங்க.

பிரதீபா

*

சாந்தன்பாறை
19.10.2025

பிரதீபா,

நாளைக்குத் தீபாவளி. பாப்பாவுக்குத் தலைத் தீபாவளி மாதிரிதான் இதுவும். ஒரு கவுன் எடுத்து வச்சிருந்தேன். அனுப்ப மனசு வரல.

“என்ன வருதுன்னு பாப்போம்”னு எழுதியிருந்த. வந்துருச்சு. பஞ்சாயத்து செக்ரட்டரி எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினாரு. ‘இந்தச் சர்டிபிகேட் எங்கள் லேபில் இருந்து கொடுத்ததல்ல, இதில் இருப்பது எங்கள் கையெழுத்தும் அல்ல.’ இப்படிச் சொல்லிட்டு அடியில கையெழுத்துப் போட்டது யாரு? அந்தச் சுழியும் ரெண்டு கோடும் அப்படியே இருக்கு. என் கையெழுத்து இல்லைன்னு சொல்றதுக்கும் அதே கையெழுத்து! செக்ரட்டரி பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அப்பக் கள்ளச் சர்டிபிகேட்டைத் தயார் பண்ணினது யாருன்னு கேள்வி வந்துச்சு. பத்துப் பேரும் என்னைப் பாத்தாங்க. ஊரெல்லாம் போய்ச் சொன்னவ நான், சுவத்துல ஒட்டினவ நான். சேச்சி, நீங்களும் அந்த ஷைஜுவும் கூட்டான்னு ஜிஷா கேட்டா. இருபது வருஷமா அவளும் நானும் ஒரே குழாயில தண்ணி பிடிக்கிறோம்.

நவம்பர் பன்னெண்டு ஹியரிங்கு. அன்னைக்கு நான் ஒண்ணும் காட்டலைன்னாக் கேஸு என் தலையிலதான் விழும். உன்னை மாட்டிவிட எனக்கு ஆசையா? நீயா முன்வந்தாத் தண்டனையும் குறையும், அந்த மேனேஜரும் மாட்டுவான். நடந்ததை நடந்தபடி எழுதி, அடியில கையெழுத்துப் போட்டு அனுப்பு. நானே உனக்காகக் கூட நிக்கிறேன், சாந்தன்பாறை மாரியம்மன் மேல சத்தியம்.

ஜனவரிக் கடுதாசியை அடுப்புல போடல.

செல்வலட்சுமி

*

நங்கையா,

இதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலீங்க. சௌக்கியம் கேக்கற யோக்கியதை எனக்கில்ல.

அந்த அம்பதுல ஒண்ணுதானுங்க. கம்பெனிக்காரங்க பையிகூடக் கொண்டு வரல. என்னை ஆபரேசன் தியேட்டருக்குக் கொண்டு போன அன்னைக்கு மேனேஜரு ஒரு தாளை எடுத்து, பையி நல்லதுன்னு அச்சடிச்சுக் குடுத்துட்டாரு. ஜூன்ல வேலைக்கு வந்தப்ப பீரோவுல மிச்சம் நாலே நாலு தாளு இருந்துச்சு. மீதி நாப்பத்தாறும் எங்கெங்க போச்சோ. அன்னைக்கே வாயைத் தொறந்திருக்கோணும். உங்களுக்கு எண்ணெய்ப் புகைன்னு எழுதினேன்.

ஆகஸ்ட்டுல வந்த கவருல நம்பரு மட்டுந்தான் இருந்துச்சு, பேரு இல்ல. பிரிச்சதும் பஜ்ஜி வாசம் அடிச்சுது. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. மூணு தடவை புதுத் தண்ணியில போட்டுப் பாத்தேன், கரையவே இல்ல. அந்த ஒரு ரிப்போர்ட்டுதான் நான் நேர்மையா எழுதினது, அதுவும் உங்க கடையை மூடறதுக்கு.

பஞ்சாயத்துக்குப் போன பதிலை மேனேஜரே அச்சடிச்சுக் கொண்டு வந்தாரு. இதுல போடு, இல்லாட்டி அம்பது தாள் கதையை நானே போலீஸ்ல சொல்றேன்னாரு. போட்டேன். உங்க தலையில விழும்னு நெனைக்கலைன்னு சொன்னாப் பொய்யிங்க. நெனைச்சேன்.

உங்க தம்பிக்கு இதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா என்னையும் பாப்பாளையும் கொழிஞ்சாம்பாறையிலயே கொண்டுபோய் விட்டுருவாரு.

நீங்க கேட்டபடி எல்லாம் எழுதிட்டேன். காட்டறதுன்னாக் காட்டிக்கங்க நங்கையா.

*

சாந்தன்பாறை
7.12.2025

பிரதீபாவுக்கு,

பாப்பா சுகமா இருக்கணும். பல்லு முளைச்சிருக்கும் இந்நேரம்.

தேதி போடாத உன் கடுதாசி ஹியரிங்குக்கு மூணு நாள் முன்னாலயே கிடைச்சுச்சு. நாலு பக்கத்தையும் படிச்சு அழுதேன், உனக்காகத்தான் அழுதேன். அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். வெறுந்தாள்ல அம்பது போட்டவளுக்கு, உள்ளதை எழுதின தாள்ல ஒண்ணு போடக் கை வரல. யாரோ எழுதின மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட மாட்டாங்களா? அது உனக்குத் தெரியாதா? கையெழுத்தே உன் தொழிலு.

ஆனா ஜனவரிக் கடுதாசி இருந்துச்சு. அதுல உன் கையெழுத்து இருக்கு, அம்பது தாள் கதை இருக்கு. பேரு வச்ச சேதி எழுதின மார்ச்சுக் கடுதாசியும் இருக்கு, ஆபரேசன் தேதியோட. ரெண்டு போதும். ரெண்டையும் மடியில வச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். என் முறை வந்துச்சு, ஏதாவது காட்டணுமான்னு செக்ரட்டரி கேட்டாரு. வெளியில எடுத்துப் பிரிச்சேன். போடப் போட உள்ள இருந்து ஒரே உதைன்னு எழுதியிருந்த பாரு, அந்த வரி கண்ணுல பட்டுச்சு. மடிச்சு உள்ள வச்சிட்டேன். ஒண்ணும் இல்ல சார்னு சொன்னேன். நான் ஒரு கூறுகெட்ட சிறுக்கி, வேற என்ன சொல்ல.

விசாரிக்காம ஒட்டினது என் தப்புதான்னு எழுதிக் குடுத்தேன். வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறந்தான் கையெழுத்துப் போட்டேன். போலீஸுக்குப் போகாம விட்டாங்க. மத்தப் பத்துக் கடைக்கும் பிழை கட்டினதும் பூட்டைத் திறந்து விட்டுட்டாங்க. என் லைசென்ஸை மட்டும் ரத்து பண்ணிட்டாங்க. தண்ணி பிடிக்கிற குழாயில ஜிஷா நான் போனா நகந்து நிக்கா. இப்ப ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போறேன். நாள் முழுக்கக் குனிஞ்ச வேலை. இந்த முட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்னு தெரியல. வயசாச்சு, கடையை விட்டுட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லியிருக்கேன்.

இதோட நிறுத்திக்கலாம்னுதான் இருந்தேன். நேத்து வேலை விட்டு வளைவு வழியா வந்தேன். கடைகள்ல பச்சைக் கலர்ல புதுசா ஒரு பை தொங்குது. வேற கம்பெனி, வேற சேல்ஸ்மேன். ஜிஷா கடையில, முன்ன நான் ஒட்டின மாதிரியே, சாமி படத்துக்குப் பக்கத்துல சர்டிபிகேட்டு ஒட்டியிருக்கு. அவ என்னைக் கூப்பிடல, நானாத்தான் போய் நின்னு பாத்தேன். உங்க லேப்புதான். தேதி 28.11.2025. அது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில இல்ல.

பீரோவுல மிச்சமிருந்த நாலுல ஒண்ணா இருக்கும்னு நினைக்கப் பாத்தேன். ஆனா முந்தி நீ பிரதீபான்னு மட்டுந்தான் போடுவ. இதுல பிரதீபா முனீஸ்வரன்னு என் தம்பி பேரையும் சேத்துப் போட்டிருக்க. புதுசா, நிறுத்தி, தெளிவாப் போட்டிருக்க.

பிள்ளையைப் பாத்துக்க.

செல்வலட்சுமி